ஞாயிற்றுக்கிழமைத் தங்கம்

1

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் கண்டெடுத்தது தேங்காய் அளவு இல்லை.

போன வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கையின் நீலக் கடிதம் வந்தது. வழக்கம்போல எல்லாப் பக்கமும் நெருக்கி எழுதி, ஒட்டுகிற மடிப்பிலும் இரண்டு வரி சேர்த்திருந்தாள். விஷயம் அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. "அக்கா, நீங்கள் உங்கை தேங்காயளவு தங்கக்கட்டி ஒண்டு எடுத்ததாய்ச் சனம் கதைக்குது. உண்மையோ? எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவளிடம் சொன்னால் யாழ்ப்பாணம் முழுவதற்கும் சொன்ன மாதிரி. ஆகவே உங்களுக்கே நேரடியாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து ஆறு வருடமாகிறது. நகரத்தின் மேற்குப் பக்கத்தில், சன்ஷைன் என்ற இடத்தில் இருக்கிறோம். வெயில் பெயரில் மட்டும்தான். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை மூக்கு ஒழுகும். என் கணவர் கனகசபாபதி கொழும்பில் எஞ்சினியராக இருந்தவர். இங்கே அவருடைய பட்டம் செல்லுமா செல்லாதா என்பதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு புதுப் படிவம் வரும், அவரும் நிரப்பி அனுப்புவார். அதுவரைக்கும் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறார். மகள் மதிவதனிக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை 'மாடி' என்று கூப்பிடுகிறார்கள். தொலைபேசியில் யாராவது "மாடி இருக்கிறாளா?" என்று கேட்டால், "எங்களுடையது மாடி இல்லாத வீடு" என்று சொல்ல வாய் உன்னும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கேட்கிற தமிழ் விளங்குகிறது. வாய்க்கு மட்டும் வருவதில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பேன். கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தத்தை இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக, ஓரிடமும் விடாமல் பார்த்து முடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பார்த்ததும் இதே வேலைதான்.

2

பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் குழாய்களையும் குடுவைகளையும் கழுவி அடுக்குபவள் நோலீன். அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரி, உயரமானவள், குரலும் பெரியது. மனோன்மணி என்ற என் பெயரை முதல் நாளே 'மோனா' ஆக்கிவிட்டவள். அவளுடைய கணவர் ஸ்டான் போன கோடையில் வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து, அங்கேயே இறந்துபோனார்.

இரண்டு மாதம் கழித்து நோலீன் என் மேசைக்கு வந்து நின்றாள். "மோனா, நீ அசையாமல் எட்டு மணி நேரம் இருக்கிறாயே, எப்படி?"

"பழக்கம்."

"எனக்கு அப்படி ஒருத்தி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருவாயா? தங்கம் தேட."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மெல்பேர்ணிலிருந்து வடமேற்கே இரண்டரை மணி நேரம் காரோட்டினால் டனோலி என்றொரு சின்ன ஊர். நூறு வருடத்துக்கும் முன்னால் அங்கே தங்கத்துக்காகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து காட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய சின்னக் கட்டிகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. இப்போது மெட்டல் டிடெக்டர் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. நீளத் தடி, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம், காதில் மாட்ட ஹெட்போன். வட்டத்தை நிலத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டு நடந்தால், கீழே உலோகம் இருந்தால் காதில் சத்தம் கேட்கும். இரண்டு வருடமாகப் பலர் இந்தப் பைத்தியத்தில் காட்டுக்குள் திரிகிறார்கள். ஸ்டானும் திரிந்திருக்கிறார். கருவி நோலீன் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் அறையில் சும்மா சாத்தி வைத்திருந்தது.

வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உமக்கென்ன விசரே? ஞாயிற்றுக்கிழமையிலை காடு வழிய போய் மண் கிண்டப் போறீரோ?"

"ஒருக்காப் போய்ப் பாக்கிறன். பாவம், தனிச்ச மனிசி."

"மத்தியானச் சாப்பாடு?"

"நீங்கள் ஒரு நாளைக்குச் சமையுங்கோவன்."

அவர் பேப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். மகள் ஆங்கிலத்தில், "அம்மா, என் சிநேகிதிகளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே" என்றாள்.

3

தங்கம் தேட அரசாங்கத்திடம் ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதன் பெயர் 'மைனர்ஸ் ரைட்'. கவுண்டரில் இருந்த இளைஞன் "மைனர்ஸ் ரைட்டா?" என்று கேட்டான். என் காதில் அது வயது வராதவர்களைச் சொல்கிற மைனராக விழுந்தது. "இல்லை, எனக்கு முப்பத்தொன்பது வயது" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பின்னால் நின்ற நோலீனைப் பார்த்தான். நோலீன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார். சுரங்கம் தோண்டுகிறவனுக்கும் வயது வராதவனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பெயர். மனோன்மணி கனகசபாபதி, இது படிவத்தின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. "கொஞ்சம் குறைக்கலாமா?" என்றான். 'கனக' வரைக்கும் எழுதி நிறுத்தினான். அவ்வளவே தங்கம் என்று அர்த்தம் தரும் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. சீட்டில் இன்றைக்கும் நான் மனோன்மணி கனக.

4

முதல் ஞாயிறு காட்டில் இறங்கி அரை மணி நேரத்துக்குள் தங்கம் கண்டுபிடித்தேன். கருவி வீரிட்டு அலறியது. குனிந்து தோண்டினேன். இன்னும் அலறியது. ஒரு பிடி மண்ணை அள்ளி வட்டத்துக்கு மேலே பிடித்தேன். அதற்கும் அலறியது. அடுத்த பிடிக்கும் அப்படியே. நோலீன் வந்து என் கையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையிலும் நான்கு நான்கு காப்பு. கல்யாணத்தன்று ஏறியவை.

"இந்த மாநிலத்திலேயே பெரிய தங்கம் உன் கையில்தான் இருக்கிறது, மோனா" என்றாள்.

காப்புகளைக் கழற்றி அவளுடைய காரில் பூட்டினோம். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதை முதுகுப் பக்கமாகத் தள்ளி, குனியும்போது முன்னே விழாதபடி ஒரு கைக்குட்டையால் கட்டிவிட்டாள். ஊசி குத்தலாம் என்றேன். ஊசியும் இரும்பு அல்லவா என்றாள்.

அதன் பிறகு நான்கு மாதம் எங்களுக்குக் கிடைத்தவை: ஆணிகள், துப்பாக்கி ரவைகளின் வெற்றுக் கூடுகள், சப்பாத்துக் குதிக்கு அடிக்கும் இரும்பு லாடம், பியர் டின்னின் மூடி வளையங்கள், ஒரு கரண்டியின் பாதி. செம்மண்ணில் இரும்பு கலந்த கற்களும் உண்டு. அவையும் தங்கம் போலவே சத்தமிட்டு ஏமாற்றும்.

நோலீனுக்குப் பொறுமை இல்லை. கூடம் கூட்டுகிற வேகத்தில் கருவியை வீசுவாள். வட்டம் ஒவ்வொரு முனையிலும் மேலே எழும்பிவிடும். எழும்பினால் கீழே இருப்பது கேட்காது. நான் கண்ணாடித் துண்டைப் பார்க்கிற மாதிரியே நடந்தேன். மண்ணைத் தொட்டும் தொடாமலும் ஒரு வீச்சு, பாதி அகலம் தள்ளி அடுத்த வீச்சு. மெல்ல மெல்லச் சத்தங்கள் பிரிந்தன. ஆணி கூர்மையாகக் கத்தும், சில நேரம் இரண்டாக உடையும். டின் பரந்து இரையும். இரும்புக் கல்லின் சத்தம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெளிவாக இராது. தங்கம் எப்படிக் கேட்கும் என்பது மட்டும் தெரியாது. கேட்டதில்லையே.

யாழ்ப்பாணத்தில் நான் வேலைக்குப் போகிற வழியில் பொற்கொல்லர் பட்டறைகள் உண்டு. அங்கே கூட்டித் தள்ளும் குப்பை மண்ணைச் சில பெண்கள் வாங்கி, வடிகால் ஓரத்தில் குந்தியிருந்து சட்டியில் அரிப்பார்கள். காலையில் போகும்போதும் அரிப்பார்கள், மாலையில் வரும்போதும் அரித்துக்கொண்டிருப்பார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவேன். அவர்களில் ஒருத்தியிடமாவது நின்று, எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

5

ஆகஸ்ட் மாதம். காடு முழுக்க வாட்டில் என்ற மரம் மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து நான் கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நோலீனுக்குக் கண்ணால் நீர் ஓடியது. சம்பலின் உறைப்பு என்று நினைத்துத் தண்ணீர் நீட்டினேன்.

"இரண்டு வருடம், மோனா. ஒவ்வொரு ஞாயிறும் விடியப் போய் இருட்டித்தான் வருவார். இரண்டு வருடத்தில் ஒரு பொட்டுத் தங்கம் கொண்டுவந்து காட்டியதில்லை. கேட்டால் 'அடுத்த முறை' என்பார். உயிரோடு இருந்தபோது நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. செத்த பிறகுதான் நினைக்கிறேன். அவர் உண்மையாகவே இங்கே வந்தாரா?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"வேறு யாராவது இருந்திருக்கலாம்" என்றாள். "முப்பத்திரண்டு வருடம் அந்த ஆளோடு வாழ்ந்தேன். இப்போது அவருடைய படத்தைப் பார்த்தால், பொய் சொல்லுகிற முகமா என்று தேடுகிறேன். எனக்குத் தங்கம் வேண்டாம். இங்கே தங்கம் இருக்கிறது, தேடினால் தேடிக்கொண்டே இருக்கலாம் என்று தெரிந்தால் போதும்."

அதுவரைக்கும் அந்தக் கருவியைப் பொழுதுபோக்காகத்தான் தூக்கியிருந்தேன். அன்றைக்குப் பிறகு அதன் பாரம் வேறாக இருந்தது. இரண்டு பேர் நான்கு மாதம் தேடியும் ஒன்றும் கிடைக்காத இடத்தில் ஒருவர் இரண்டு வருடம் தேடினார் என்று எப்படி நம்பச் சொல்வது?

6

செப்டெம்பர் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை. நாங்கள் வழக்கமாகப் போகும் பாதையை ஓடை மூடியிருந்தது. நோலீன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, காரை இடது பக்கம் மண் பாதையில் திருப்பினாள். அந்தப் பாதையின் முடிவில் பழைய கேரவன் ஒன்று நின்றது. அதன் வாசலில் மடக்குக் கதிரை போட்டு ஒரு கிழவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கருவியை இறக்கியதும் அவர் எழுந்தார். கைப்பிடியில் சுற்றியிருந்த நீல நிற டேப்பைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அது ஸ்டானுடையது."

நோலீன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். "நான் ஸ்டானின் மனைவி" என்றாள். "அவர் இறந்துவிட்டார்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "அதுதான் ஆளைக் காணவில்லை" என்றார். பிறகு தன் கதிரையை நோலீனுக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு ஞாயிறும் இங்கேதான். நல்ல மனிதர். ஆனால், குறை நினைக்காதே, தங்கம் தேட லாயக்கில்லாத ஆள். செவிடன் அல்லவா? பெரிய ஆணி என்றால் கேட்கும். சின்னச் சத்தம் ஒன்றும் கேட்காது."

"இடது காது கேட்காது" என்றாள் நோலீன். "இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர்."

"வலதும் பாதிதான். நானே சோதித்துப் பார்த்தேன். காது உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று எத்தனை தரம் சொன்னேன். 'மனைவியைக் கேட்டேன், வரமாட்டாளாம்' என்றார்."

நோலீனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் என்னிடம் திரும்பி, மிகவும் சின்னக் குரலில் சொன்னாள்: "கேட்டார், மோனா. ஒரே ஒரு தரம் கேட்டார். அதைவிட வீட்டில் இருந்து திரைச்சீலை தோய்ப்பேன் என்றேன்."

கிழவர் எங்களை ஸ்டான் தேடிய பள்ளத்துக்குக் கூட்டிப் போனார். மற்றவர்கள் குழி தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். ஸ்டான் ஒவ்வொன்றையும் மூடி, மிதித்து, இலைச்சருகை மேலே பரப்பிவிடுவாராம். தெரிந்துகொண்டு பார்த்தால் தெரிந்தது. சரிவு முழுவதும் மெல்லத் தாழ்ந்த வட்டங்கள், நூற்றுக்கணக்கில். நோலீன் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி கொஞ்ச நேரம். நான் பக்கத்தில் நிற்பது சரியில்லை என்று தோன்றியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நகர்ந்தேன்.

ஸ்டானின் இரண்டு குழிகளுக்கு நடுவில், ஒரு முழ இடைவெளியில் அது கேட்டது. சத்தம் என்று சொல்ல முடியாது. காதில் இரைந்துகொண்டிருந்த ஒரே சீரான ஒலி ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்து, திரும்ப மெலிந்தது. திரும்பி வீசினேன், அதே இடத்தில் தடித்தது. மழையில் நனைந்த மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வழித்தேன். இன்னும் தெளிந்தது. உடையாத, வட்டமான ஓர் ஒலி.

நோலீனைக் கூப்பிட்டு ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். "ஒன்றுமில்லையே" என்றாள். "மெல்ல. மெல்ல வீசு" என்றேன். முதல் தடவையாக அவள் மெல்ல வீசினாள். கை அந்தரத்தில் நின்றது.

இருவரும் மண்டியிட்டுத் தோண்டினோம். ஒரு சாண் ஆழம். எடுத்த மண்ணைப் பிடிபிடியாக வட்டத்தின் மேலே காட்டினோம். ஆறாவது பிடி பேசியது. அந்தப் பிடியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, கடைசியில் என் உள்ளங்கையில் செம்மண் பூசிய ஒரு சிறு கட்டி. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள்.

பூசணி விதை அளவு. தங்கைக்கும் மற்றவர்களுக்கும் இதுதான் பதில்.

7

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அதைப் பார்த்த கணத்தில் 'என்னுடையது' என்றுதான் மனம் சொன்னது. கேட்டது என் காது, ஆறு மாதம் நடந்தது என் கால். வாய் மட்டும், "ஸ்டானுடையது, நீ எடு" என்றது. நோலீன் எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து அவள் அதைப் பரிசோதனைக் கூடத்துச் சின்னக் குப்பியில் பஞ்சு வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தாள். "வைத்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது அன்றைக்கே கிடைத்துவிட்டது. நீ வைத்துக்கொள்." நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஒரு காப்பின் கால்வாசிப் பாரம்கூட இராது. கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

மனதில் கிடந்து உறுத்தியது வேறொன்று. ஸ்டான் ஒரு தரமாவது கேட்டார். நான் என் கணவரை அந்த ஒரு தரமும் கேட்டதில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனிதரை வீட்டில் விட்டுவிட்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிப் போய்க்கொண்டிருக்கிறேன். சோறு காய்ச்சிக்கொண்டு, படிவம் நிரப்பிக்கொண்டு, பேசாத மகளோடு அவர் என்ன செய்வார்?

குப்பி கிடைத்த மறுநாள் காலை குசினியில் கேட்டேன். "இஞ்சாருங்கோ, அடுத்த ஞாயிறு நீங்களும் வாறியளோ?"

அவர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் கண்டேன். ஆனால் தலையை ஆட்டினார்.

"கேட்டது சந்தோசம். ஆனா நான் வரேல்லை."

"ஏன், கோவமோ?"

"இல்லையப்பா. எனக்கு ஞாயிற்றுக்கிழமை அலுவல் இருக்கு."

"என்ன அலுவல்?"

"அது உமக்கேன்? நீர் போட்டு வாரும்."

வற்புறுத்தினேன். அவர் திரும்பவும் வெண்ணெய் பூசத் தொடங்கிவிட்டார். கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் அடுத்த ஞாயிறு போனேன்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே இடியும் மழையும். நோலீன் என்னை வீட்டுப் பின் ஒழுங்கையில் இறக்கிவிட்டுப் போனாள். சேற்றுச் சப்பாத்தோடு முன்வாசலால் போக முடியாது. பின்படியில் குந்தியிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். குசினி ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. வெங்காயம் வதங்கும் வாசம்.

"அப்பா, இவ்வளவு உப்புக் காணுமோ? இல்லாட்டி இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

என் மகளின் குரல். தமிழில். நாக்கு அங்கங்கே தடக்கிற, ஆனால் முழுதான தமிழ்.

"நாக்கிலை விட்டுப் பார் பிள்ளை. எனக்கென்ன தெரியும்? நானும் உன்னை மாதிரிப் பழகிறன்தானே."

"போன கிழமை நீங்கள் போட்டது கடல் தண்ணி மாதிரி."

"அம்மாவுக்குச் சொல்லாதை."

"ஒண்டும் சொல்லமாட்டன். அவ வந்தால் எல்லாத்தையும் திருத்துவா. பிறகு நான் கதைக்கமாட்டன்."

ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாக அப்படியே இருந்தேன். கோபம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. அவள் வாயைத் திறந்தால் நான் திருத்துவேன். ஆறு வருடமாகத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். உள்ளே சட்டியில் கரண்டி தட்டியது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

தாழ்வாரத்து ஓரத்தால் மழை கொஞ்சம் தோளில் அடித்தது. கதவைத் தட்டாமல், இருமாமல், இன்னும் அரை மணி நேரம் அந்தப் படியிலேயே இருந்தேன்.